"எட விசரா" என்று கூப்பிடும் உரிமை யாருக்கு உண்டு?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் பிறந்து வளர்ந்த பத்தொன்பது வயது மகனை முதன்முறையாக யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிவந்த ஒருவர், நெல்லியடிச் சந்தியில் தம் பழைய வகுப்புத் தோழரைக் கண்டிருக்கிறார். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் கண்ட அந்தத் தோழர், சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "எட விசரா, நீ இன்னும் சாகேல்லையோ?" என்பது. இவரும் தாமதிக்காமல், "உன்னைக் கட்டையிலை வைச்சுப்போட்டுத்தானடா போவன், பேயா" என்று பதில் சொல்லியிருக்கிறார். பிறகு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்கலங்கி நின்றார்களாம். மகன் அன்றிரவு, "அந்த அங்கிளுக்கு உங்களோடு என்ன கோபம்?" என்று கேட்டிருக்கிறான். இது என்ன வழக்கம், மரியாதைக் குறைவில்லையா, மகனும் ஊரில் இப்படிப் பேசிப் பழகலாமா என்பவை தந்தையின் கேள்விகள்.

சொற்களிலிருந்தே தொடங்குவது நல்லது, ஏனெனில் யாழ்ப்பாணத்துப் பேச்சில் இந்த வகைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. சிரிப்பதற்காகச் சொல்வது பகிடி. அந்தப் பகிடியில் ஒரு சிறு முள் ஒளிந்திருந்தால் அது நக்கல். கோபத்தில் வாயிலிருந்து வருவது ஏச்சு. தாயையும் உடலுறுப்புகளையும் இழுத்துப் பேசுவது தூசணம். ஒருவருக்கு ஒட்டவைத்த பெயரை அவர் போகும்போது பின்னாலிருந்து கத்துவது பட்டம் தெளிப்பது. இவற்றை யாரும் எங்களுக்குப் படிப்பித்ததில்லை என்றாலும் பிரித்தறியத் தெரியாதவர் ஊரில் இல்லை. வெளியிலிருந்து வருபவர் தடுக்கி விழும் இடம் என்னவென்றால், ஒரே சொல் காலையில் பகிடியாகவும் மாலையில் ஏச்சாகவும் நடமாடக்கூடியது என்பதுதான்.

"விசரன்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். விசர் என்றால் பைத்தியம். தமிழகத்தில் வெறிநாய்க்கடி என்பதை இலங்கையின் சுகாதார அறிவித்தல்கள் இன்றைக்கும் "விசர்நாய்க்கடி" என்றே அச்சிடுகின்றன. சொல்லின் நேர்ப்பொருள் அவ்வளவு கடுமையானது. "பேயன்" என்பது பேய் பிடித்தவன் என்ற பொருளிலிருந்து புத்தி கெட்டவன் என்று இறங்கிவந்த சொல். "பேயரே எனக்கு யாவரும் யானும் ஓர் பேயனே எவர்க்கும்" என்று குலசேகர ஆழ்வார் பாடும்போது அந்த இரண்டு பொருளும் ஒன்றாக நிற்கின்றன. மொக்கன், மோடன், மடையன், லூசன், கழுதை, எருமை, மாடு என்று பட்டியல் நீளும். பனையோடும் தென்னையோடும் வாழ்கிற ஊர் என்பதால் "பன்னாடை" என்பதும் உண்டு. இது ஏதோ சந்தியில் பிறந்த வசையென்று நினைத்துவிட வேண்டாம்: மாணாக்கரை வகைப்படுத்தும் நன்னூல், கடைமாணாக்கனுக்கு உவமையாக "நெய்யரி"யைச் சொல்கிறது, நல்லதை ஒழுகவிட்டுக் கசடை வைத்துக்கொள்ளும் பன்னாடையே அது என்பார்கள் உரைகாரர்கள். ஆக, நண்பனைப் பன்னாடை என்பவன் தன்னையறியாமல் பவணந்தி முனிவரின் வழியில்தான் நடக்கிறான்.

இந்தப் பட்டியலில் ஓர் ஒழுங்கு தெரியும். நண்பர்களிடையே புழங்குபவற்றில் மிகப் பெரும்பாலானவை புத்தியைப் பழிக்கும் சொற்கள். பிறப்பைப் பழிப்பவையும், வீட்டுப் பெண்களைப் பழிப்பவையும், நேர்மையைப் பழிப்பவையும் மிக அருகலாகவே வருகின்றன. ஏன் இந்தத் தெரிவு என்பதற்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் "மச்சான்" என்ற சொல்லைப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த வழக்கத்தின் சாவி அங்கேதான் கிடக்கிறது.

நம்முடைய உறவுமுறையில் பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா ஆகியோரின் பிள்ளைகள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை முறையானவர்கள். அம்மான் பிள்ளைகளும் மாமி பிள்ளைகளும் மச்சான், மச்சாள் முறையானவர்கள். இந்தப் பிரிவு திருமணத்துக்கு மட்டும் உரியதன்று. யாரோடு எப்படிப் பேசலாம் என்பதையும் இதுவே வகுக்கிறது. அண்ணனோடு பகிடி விட ஓர் எல்லை உண்டு. மச்சானோடு அந்த எல்லை தளர்கிறது, சொல்லப்போனால், மச்சானைப் பகிடி பண்ணாமல் இருப்பவனைத்தான் ஊர் "என்ன, இரண்டு பேருக்கும் ஏதும் மனத்தாங்கலோ?" என்று கேட்கும். மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் எழுதிய கட்டுரையொன்றில், உலகின் பல சமூகங்களில் காணப்படும் இத்தகைய உறவுகளை ஆராய்ந்து, ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய வழக்கத்தால் அனுமதி பெற்றவர், சில வேளை கடமைப்பட்டவரும்கூட, கேலிக்கு ஆளாகிறவரோ கோபிக்கக் கூடாதவர் என்று வரையறுத்தார். அனுமதிக்கப்பட்ட மரியாதையின்மை என்பது அவர் இதற்குக் கொடுத்த விளக்கம். திருமணத்தால் இணைகிற இரண்டு குடும்பங்களுக்கிடையில் நெருக்கமும் இருக்கும், உரசலும் இருக்கும்; இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்குவதற்குக் கேலி ஒரு வழி என்பது அவருடைய விளக்கத்தின் சாரம்.

நண்பனை மச்சான் என்று அழைக்கும் கணத்திலேயே அந்த அனுமதிப்பத்திரத்தைக் கைமாற்றிக்கொள்கிறோம். சிங்கள இளைஞர்களும் தங்களுக்குள் இதே சொல்லைப் புழங்குகிறார்கள் என்பது பலருக்கும் தெரிந்ததே. எங்கள் ஊர்க் கலியாணத்தில் இன்னொன்றைக் கவனித்திருப்பீர்கள்: மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அவரிடம் மோதிரம் வாங்கிக்கொண்டு, மணவறை வரை கூடவரும் பெண்ணின் சகோதரனுக்குத் "தோழன்" என்று பெயர். மச்சானும் தோழனும் ஒரே ஆள்தான் என்பதைச் சடங்கே சொல்லிவிடுகிறது.

உறவு அனுமதி தருகிறது. அந்த அனுமதி நடைமுறையில் இருக்கிறதா என்பதைக் காட்டுவது இலக்கணம். தமிழகத்துப் பேச்சின் பெரும்பகுதியில் முன்னிலைக்கு நீ, நீங்கள் என்ற இரண்டு படிகளே மிஞ்சியிருக்க, யாழ்ப்பாணத்தில் நடுவில் "நீர்" இன்னும் உயிரோடிருக்கிறது. "வாரும்", "இரும்", "என்ன செய்யிறீர்?" என்பவை ஆசிரியர் வளர்ந்த மாணவனிடமும், கணவன் மனைவியிடமும், அலுவலகத்தில் ஒத்த வயதுக்காரர் ஒருவரோடொருவரும் பேசுகிற பேச்சு. புதிதாக அறிமுகமான இருவர் "நீங்கள்" என்று தொடங்கி, சில மாதங்களில் "நீர்" என்று இறங்கி, ஒருநாள் யாரோ ஒருவர் வாய் தவறி "நீ" என்றுவிட, மற்றவர் அதைத் திருத்தாமல் விட்டால், நட்பு ஒரு வாசலைத் தாண்டிவிட்டது என்று பொருள். அதற்குப் பின்பே "டேய்" வரும், "எட" வரும், "எட விசரா" கடைசியில்தான் வரும். ஏச்சுச் சொல் இந்தப் படிக்கட்டின் அடியில் இருக்கிறது. படிகளில் இறங்காமல் மேலிருந்து நேரே குதிப்பவனுக்குக் கால் முறியும்.

நெருக்கத்தில் இறங்கிய படியைக் கோபத்தில் ஏறுவதும் உண்டு. உற்ற தோழன் ஒருவன் திடீரென்று "ஓம், நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டால், அந்த "நீங்கள்" எந்தத் தூசணத்தையும் விட ஆழமாக இறங்கும். சங்க இலக்கியத்தில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலோடு எவ்வளவு அழகாக இருக்கின்றன உன் ஆயுதங்கள் என்று பாராட்டினாரே, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று முடித்தாரே, அதே வேலையைத்தான் இந்த "நீங்க"ளும் செய்கிறது. புகழ் போலத் தெரிவது பழியாகலாம், பழி போலத் தெரிவது புகழாகலாம் என்று அணியிலக்கணம் இரண்டையும் வஞ்சப்புகழ்ச்சி என்ற ஒரே பெயரின் கீழ் வைத்தது.

இனி, புத்தியைப் பழிக்கும் சொற்களே ஏன் நண்பர்களிடையே அதிகம் என்ற விடயத்துக்கு வருகிறேன். மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 1983இல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: ஒருவரோடு உனக்குள்ள நெருக்கத்தைக் காட்ட வேண்டுமானால், வெளிப்படையாகவே பொய்யானதும் வெளிப்படையாகவே மரியாதைக் குறைவானதுமான ஒன்றை அவரிடம் சொல். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்திருக்க வேண்டும். அவருக்கு முன்னரே, 1972இல், வில்லியம் லபோவ் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின இளைஞர்கள் ஒருவரையொருவர் மாறிமாறி வசைபாடும் விளையாட்டை ஆராய்ந்து எழுதியிருந்தார். நடக்கவே முடியாத அளவுக்குப் பொய்யான வசைக்கு எதிராளி இன்னொரு வசையால் பதில் சொல்கிறான். ஆனால் சொன்னதில் ஒரு துளி உண்மை கலந்துவிட்டால், அவன் பதில் வசை பாடாமல், "அப்படி இல்லை" என்று மறுக்கத் தொடங்கிவிடுகிறான். மறுப்பு வந்தால் விளையாட்டு முடிந்தது. படித்து, உழைத்து, குடும்பம் நடத்தும் ஒருவனை விசரன் என்பது அந்த அளவில் பாதுகாப்பான பொய். பேச்சில் "நீ இன்னும் சாகேல்லையோ" என்பதும் அப்படித்தான். முன்னால் நிற்பவன் உயிரோடிருப்பதை விட வெளிப்படையான உண்மை வேறென்ன?

இந்த விதியை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன். எங்கள் கூட்டத்தில் ஒருவனை நாங்கள் "கசவாரம்" என்று கூப்பிடுவோம். கசவாரம் என்றால் ஈயாத கஞ்சன். அவனோ அதற்கு நேர்மாறானவன்; பஸ்ஸில் ஐந்து பேர் ஏறினால் ஐந்து பேருக்கும் ரிக்கற் எடுத்துவிட்டு, பிறகு இரண்டு நாளைக்கு எங்களைக் கடன்காரர் என்று சொல்லித் திரிபவன். அதனால்தான் அந்தப் பட்டம் அவனுக்குப் பொருந்தியது. ஒரு மாரியில் மழை பிந்தி நின்று பெய்ததில் அவனுடைய வெங்காயம் தறையோடு அழுகிப்போயிற்று. அடைவு வைத்த நகைகள் மீளவில்லை என்பது எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதும் அப்போது தோன்றவில்லை. தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் எழுந்தபோது, வழக்கம்போல், "டேய் கசவாரம், எடுடா காசை" என்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து, ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான். தன்னுடைய ஒரு பிளேன்ரீக்குச் சரியாக இருந்தது. மிச்சமிருந்த ஒரு குத்தியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அன்று நான் சொன்னது பத்து வருடமாகச் சொல்லிவந்த அதே சொல், அதே குரல், அதே சிரிப்பு. மாறியிருந்தது அவனுடைய நிலைமை மட்டுமே. அந்தச் சொல் பொய்யாக இருந்த காலமெல்லாம் அவனைப் பாராட்டிக்கொண்டிருந்தது. உண்மையை நெருங்கிய நாளில் ஏச்சாகிவிட்டது. அதன்பின் ஏறத்தாழ ஒரு வருடம் அவன் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. பேசினான், ஆனால் "நீர்" என்று பேசினான். அது எவ்வளவு தூரம் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அடுத்த போகம் வெங்காயம் வாய்த்த பிறகு, ஒருநாள் மதிலுக்கு வெளியே நின்று, "எட பேயா, உள்ளை என்னடா செய்யிறாய்?" என்று அவனே கூப்பிட்டான். கசவாரம் என்ற சொல்லை அதன்பிறகு நாங்கள் யாரும் எடுக்கவில்லை.

வசையை அன்பாக ஏற்கும் வழக்கம் ஏதோ அண்மையில் கெட்டுப்போன நாகரிகம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் நான் பெரியபுராணத்தைத்தான் எடுத்து நீட்டுவேன்; யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் பாட்டைப் படிக்க மற்றவர் பயன் சொல்லும் புராணபடனத்தைச் சிறுவயதில் தூக்கக் கலக்கத்தோடாவது கேட்டவர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு முதிய வேதியர் ஓலையோடு வந்து, நீ எனக்கு அடிமை என்கிறார். அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவதுண்டோ, "பித்தனோ மறையோன்" என்று சுந்தரர் சிரிக்கிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போய், சுந்தரர் தோற்று, வந்தவர் சிவபெருமான் என்பது வெளிப்பட்ட பிறகு, என்ன சொல்லிப் பாடுவேன் என்று அவர் திகைக்கிறார். அப்போது இறைவன் சொல்வதாகச் சேக்கிழார் எழுதுவது: "முன்பெனைப் பித்தன் என்றே மொழிந்தனை ஆதலாலே என்பெயர் பித்தன் என்றே பாடுவாய்." ஏச்சாக விழுந்த சொல் "பித்தா பிறைசூடி" என்று சுந்தரர் தேவாரத்தின் முதற்சொல்லாகிவிடுகிறது. எதிர்த்து வன்மை பேசியதற்காக அவருக்குக் கிடைத்த பட்டம் வன்றொண்டன். அவருடைய நெறிக்குப் பெயர் தோழமை நெறி. அவருக்கே பெயர் தம்பிரான் தோழர். மன்னாரில் உள்ள திருக்கேதீச்சரத்தைப் பாடியவர்களில் இவரும் ஒருவர் என்பதால் அவரை நாங்கள் சற்று உரிமையோடுதான் பேசுவோம்.

இந்தக் கதையின் அடுத்த பகுதிதான் உங்கள் மகனுக்கு உரியது. மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சுந்தரர் சிவபெருமானையே நள்ளிரவில் தூது அனுப்புகிறார். பெருமானும் திருவாரூர் வீதியில் நடக்கிறார். அனுப்பியவருக்கும் போனவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கேள்விப்பட்ட ஏயர்கோன் கலிக்காமருக்குத்தான் நெஞ்சு கொதிக்கிறது: இறைவனை ஒரு பெண்ணின் வாசலுக்குத் தூதுவிட்டவன் முகத்தில் விழிப்பேனா என்று அவர் பொருமுகிறார். அவருக்குச் சூலைநோய் வந்து, அதைச் சுந்தரரே தீர்ப்பார் என்று தெரிந்தபோது, அவரால் தீர்வதைவிட என் வயிற்றைக் கிழிப்பேன் என்று வாளால் குத்திக்கொள்ளும் அளவுக்கு அந்தக் கோபம் உண்மையானது. நட்பின் உள்ளே நிற்பவர்களுக்கு உரிமையாகத் தெரிவது, வெளியே நிற்பவனுக்கு அவமதிப்பாகவே தெரியும். நெல்லியடிச் சந்தியில் உங்கள் மகன் நின்ற இடம் ஏயர்கோனார் நின்ற இடம். ஏயர்கோனாரைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை. அவரும் நாயனார்களில் ஒருவர்.

திருக்குறளும் இந்த இரண்டு பக்கங்களையும் பார்த்திருக்கிறது. "பேதைமை ஒன்றோ பெருங்கிழமை என்றுணர்க நோதக்க நட்டார் செயின்" என்பது பழைமை என்ற அதிகாரத்தில் வருகிறது. நண்பன் நோகத்தக்கதைச் செய்தால், அறியாமை என்று எடு, அல்லது மிகுந்த உரிமை என்று எடு. ஆனால் பண்புடைமை அதிகாரத்துக்கு வந்ததும் வள்ளுவர் குரலை மாற்றி, "நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி" என்கிறார். விளையாட்டிலும் இகழ்ச்சி துன்பமே. முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. முன்னது கேட்பவனுக்குச் சொன்னது, பின்னது சொல்பவனுக்குச் சொன்னது.

நண்பர்களை விட்டு வீட்டுக்குள் வந்தால், ஏச்சு இன்னும் பயங்கரமான வடிவம் எடுக்கிறது. "குறுக்காலை போவானே, சாப்பிட்டியோ?" என்று கேட்காத ஆச்சி எங்கள் ஊரில் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். குறுக்காலை போவது என்றால் ஆயுள் முடியாமல் இடையில் போவது. "கோதாரி விழுவான்", "கொள்ளையிலை போவான்" என்பவற்றில் வரும் கோதாரியும் கொள்ளையும் வாந்திபேதியையும் அதுபோன்ற தொற்றுநோய்களையும் குறித்த சொற்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊரைப் பலமுறை தாக்கிய நோயின் பெயர், அதைக் கண்ணால் காணாத தலைமுறைகளின் வாயிலும் ஏச்சாகத் தங்கிவிட்டது. பேரப்பிள்ளையைப் பார்த்து ஒரு கிழவி இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டென்று நினைக்கிறேன். பிள்ளையைப் புகழ்ந்தால் நாவூறு படும். மினுங்குகிற முகத்தில் கறுப்புப் பொட்டு வைப்பதுபோல், புகழ வேண்டிய இடத்தில் ஒரு வசையை வைத்துவிடுகிறார்கள். முன்பு பிறந்தவை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயரிட்டதும் இதே நினைப்பில்தான்.

பெண்களிடையே இந்த வழக்கம் இல்லையென்று ஆண்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். "எடியே விசரி", "எருமை", "மூதேசி", "கள்ளி" எல்லாம் பெண்கள் பாடசாலை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலே காதில் விழும். ஆணும் பெண்ணும் நண்பர்களாக இருக்கும்போது மட்டும் "எடி" என்பதும் "டி" என்பதும் இன்னமும் சங்கடமானவை. அங்கே உரிமை இருபக்கமும் ஒரேயளவாக ஓடுகிறதா என்ற ஐயம் கேட்பவருக்கு எழுகிறது.

அந்த ஐயம் சும்மா எழுவதில்லை. "எட" என்ற இதே சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த எழுபது வயது முதியவரை, வேலிக்கு மறுபக்கம் நின்ற பத்து வயதுச் சிறுவன் "எட இவனே" என்று கூப்பிட்ட காலம் எங்கள் பெற்றோர் கண்ட காலம். முதியவர் அந்தச் சிறுவனை "நயினார்" என்று அழைத்தே பதில் சொல்ல வேண்டியிருந்தது. தேநீர்க்கடையிலும் கோயிலிலும் இடம் மறுப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தது. தடைசெய்த பின்பும் 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலுக்காகப் போராட வேண்டியிருந்தது. வாய்ப்பேச்சில் இருந்த "எட"வை எந்தச் சட்டமும் தொடவில்லை. ஆகவே நண்பர்களின் "எட"வுக்கும் அந்த "எட"வுக்கும் ஒலியில் வித்தியாசம் கிடையாது. திரும்பிச் சொல்ல முடியுமா என்பதில்தான் வித்தியாசம். திருப்பி "நீதானடா விசரன்" என்று சொல்ல முடியாத ஒருவரை விசரன் என்பது பகிடியாகாது. சாதிப் பெயர்களைப் பகிடியாகச் சொல்லும் நண்பர் குழுக்களை நானும் கண்டிருக்கிறேன். அங்கே சிரிப்பவர்கள் எத்தனை பேர், சிரிப்பது போலக் காட்டுபவர் யார் என்று ஒருமுறை உற்றுப்பார்த்தால் போதும்.

பல்கலைக்கழகங்களில் புதிய மாணவரை வருத்துவதற்கு நாங்கள் "பகிடிவதை" என்று பெயர் வைத்திருக்கிறோம். அதைத் தடுக்க 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நட்பாக்கிக்கொள்ளத்தான் இப்படிச் செய்கிறோம் என்பது மூத்த மாணவரின் வழமையான வாதம். நட்பு வந்த பிறகு கிடைக்கும் உரிமையை நட்புக்கு முன்பே பறித்துக்கொண்டு, அதனால் நட்பு பிறக்கும் என்பது, கலியாணத்துக்கு முன்பே சீதனத்தைச் செலவழிப்பதுபோல.

சில சொற்களை யுத்தம் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. சிறுவயதில், கிளித்தட்டு விளையாட்டில் மறுபக்கம் போய்ச் சேர்ந்தவனைத் "துரோகி" என்று கத்தியிருக்கிறோம். அந்தச் சொல் ஒருவரின் சாவுக்குக் காரணமாகச் சொல்லப்படக்கூடிய காலத்தைக் கடந்து வந்த பிறகு, எந்த நெருங்கிய நண்பனிடமும் அதைப் பகிடியாகச் சொல்ல என் நா எழுவதில்லை. நொண்டி, குருடன் என்பவையும் அப்படியே. பந்து பிடிக்கத் தவறியவனைக் குருடா என்பது ஒருகாலத்தில் வெளிப்படையான பொய். கால் இழந்தவர்களும் கண் இழந்தவர்களும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கும்போது, அந்தப் பொய் யாரோ ஒருவருக்கு உண்மை.

இப்போது இந்தப் பேச்செல்லாம் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் யாழ்ப்பாணத்திலும் சிதறியிருக்கும் வகுப்புத் தோழர்கள் வட்ஸ்அப் குழு அமைத்து, ஒருவன் பிறந்தநாளுக்கு "நாசமறுப்பான், இன்னும் நூறு வருசம் இருந்து எங்களை அறுக்கப்போறான்" என்று எழுதுகிறார்கள். எழுத்தில் சிரிப்பு கேட்காது, சைக்கிளை மதிலில் சாத்தும் அவசரம் தெரியாது, தோளில் விழும் கை இருக்காது. அந்தக் கையே பாதிப் பொருளைத் தருவது. அதே தொலைபேசியைப் பிள்ளைகளும் எடுத்துப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரில் விடக்கூடிய பகிடியில் பாதியை எழுத்தில் குறைத்துவிடுவது நான் கடைப்பிடிக்கும் வழக்கம்.

மகன் இப்படிப் பேசலாமா என்ற கடைசிக் கேள்விக்கு உறவுமுறையே விடை வைத்திருக்கிறது. நெல்லியடியில் உங்களை விசரா என்றவர் உங்களுக்கு மச்சான் முறை. உங்கள் மச்சான் உங்கள் மகனுக்கு மாமா. மாமாவை மருமகன் "நீங்கள்" என்றுதான் பேச வேண்டும்; தகப்பனுக்கு உள்ள உரிமை மகனுக்கு முதுசமாக வராது. அவன் "அங்கிள்" என்றதை "மாமா" என்று மாற்றிக்கொடுங்கள், அது போதும். அவனுக்கு விசரன் பட்டம் வேண்டுமென்றால், அந்த மாமாவின் மகன் ஒருவன் இருப்பான்; அவனோடு இரண்டு பின்னேரம் கிரிக்கெட் விளையாடட்டும். லேசான பிடியொன்றை உங்கள் மகன் நழுவவிடும்போது, அவனே தன் வாயால் முதலில் கூப்பிடுவான்.